பச்சை விளக்கும் பாராக்காரனும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நெறைய வந்து கிடக்குது" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். ஆகவே முப்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு போட்ட ஒரு சங்கதியின் வரலாற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சங்கதி இதுதான்: ஒரு லைன் அறுந்து போனால், அது அறுந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது?

இதென்ன பெரிய கேள்வி, பேச்சு கேட்காது, தெரிந்துவிடும் என்பீர்கள். யாரும் பேசாத நேரத்தில் அறுந்தால்? விளக்கு எரிந்துகொண்டே இருந்தால்? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

படை தங்கிய ஊர்

நான் பிறந்த ஊர் படவேடு. ஜவ்வாது மலையடிவாரத்தில், சந்தவாசலில் இருந்து பிரிந்து உள்ளே வர வேண்டும். ஆடி மாதத்தில் ரேணுகாம்பாளைப் பார்க்க வந்து, நெரிசலில் சிக்கி, எங்கள் வாழைத்தோப்பில் படுத்து எழுந்து போன வகுப்புத் தோழர்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள். படைவீடு என்பதுதான் படவேடு ஆயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களுக்குத் தலைநகராக இருந்த ஊர். ராஜகம்பீரன் மலை மேல் அவர்கள் கோட்டையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்து எங்கள் மாவட்டத்தை உண்டாக்கியபோது, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள்.

கோட்டைக் காவலில் பாரா நிற்பவர்கள் இரவில் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பது பழைய வழக்கம். ஒரு மூலையில் ஒருவன் கூவ, அடுத்தவன் வாங்கிக் கூவ, குரல் சுற்றி வரும். யாராவது ஒருவன் குரல் வரவில்லை என்றால் தூங்கிவிட்டான், அல்லது எதிரி கைவரிசை காட்டிவிட்டான் என்று பொருள். கவனியுங்கள்: ஆபத்து வந்ததும் கூவுவதல்ல முறை. ஆபத்து இல்லாதபோது கூவிக்கொண்டே இருப்பதுதான் முறை. செத்தவன் எப்படிக் கூவுவான்? இந்த ஒரு யோசனையைத்தான் இன்றைய நெட்வொர்க் சுவிட்சுகள் வரை மனிதன் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறான். மறந்தும் இருக்கிறான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்த என் தாய்மாமன். கொக்கிச் செருப்பு, தோளில் கம்பிச் சுருள், கையில் டெஸ்ட் போன். ஊரில் நாலைந்து போன்தான். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு லைனாகப் போட்டு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு "இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வைப்பார்.

"யாரும் கம்ப்ளெயிண்ட் குடுக்கலியே மாமா, ஏன் சும்மா சும்மா பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மணி அடிக்கலேன்னா லைன் நல்லா இருக்குதுன்னு அர்த்தமாடா மாப்ளே? செத்தும் போயிருக்கலாம். நாமளா கேட்டாத்தான் தெரியும்" என்றார்.

கம்பிக் காலம்

இந்தியாவில் தந்திக் கம்பி முதலில் ஓடியது வங்காளத்தில். வில்லியம் ஓஷாக்னசி என்ற டாக்டர் 1839-இல் கல்கத்தாவுக்கு அருகே சோதனைக் கம்பி இழுத்தார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்தி ஓடியது. 1854 மார்ச் 24-இல் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி போனது. சென்னையும் 1855-க்குள் அந்த வலையில் சேர்ந்துவிட்டது.

அந்தக் காலத்திலேயே இரண்டு கட்சி இருந்தது. ஒன்று, சேதி அனுப்பும்போது மட்டும் கம்பியில் மின்சாரம் விடுவது. மற்றொன்று, அமெரிக்காவில் செய்தது போல எப்போதும் மின்சாரம் ஓடவிட்டு, அதைத் துண்டித்துத் துண்டித்துச் சேதி அனுப்புவது. முதல் முறையில் பேட்டரி மிச்சம், ஆனால் கம்பி அறுந்தது அடுத்த தந்தி கொடுக்கும்போதுதான் தெரியும். இரண்டாவது முறையில் பேட்டரி கரையும், ஆனால் அறுந்த நொடியே முள் விழும். சும்மா இருக்கும் நேரத்திலும் கொஞ்சம் செலவழித்தால்தான் உண்மை தெரியும் என்பது அன்றே புரிந்துவிட்டது.

அறுந்தது தெரிந்தால் போதாது, எங்கே அறுந்தது என்றும் தெரிய வேண்டும். காட்டுக்குள் எத்தனை கம்பம் ஏறி இறங்குவது? நம் லேபில் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் வைத்து ரெசிஸ்டன்ஸ் அளந்து, ரெக்கார்டு நோட்டில் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பி அடித்தோமே, அந்தக் கருவிதான் இங்கே கைகொடுத்தது. மண்ணில் கசியும் கம்பியைக் கடைசி முனையில் ஒரு நல்ல கம்பியோடு சேர்த்து, இந்தப் பக்கம் பிரிட்ஜ் வைத்து விகிதம் பார்த்தால் பழுது எத்தனை மைலில் என்று சொல்லிவிடலாம். முர்ரே லூப், வார்லி லூப் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இதைத்தான். நமக்கு அது 5 மதிப்பெண் கேள்வி. லைன்மேனுக்கோ ஒரு நாள் நடை மிச்சம்.

1882-இல் சென்னைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது. கிராமத்துக்கு வர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் தன் முதல் கிராமிய எக்ஸ்சேஞ்சை நிறுவியது. 128 போர்ட், ஏசி வேண்டாம், தூசிக்கும் வெயிலுக்கும் அசராது. அந்தப் பெட்டிகள் ஊர் ஊராகப் பரவின. பழுது சொல்ல 198-க்கு அடிக்க வேண்டும். போன் செத்திருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய் அடிக்க வேண்டும். அதாவது பழுதைக் கண்டுபிடிக்கும் கருவி அன்றைக்கு வாடிக்கையாளர்தான்!

லேப் அறை மர்மம்

நான் 1990–94 பேட்ச். எங்கள் மூன்றாம் ஆண்டில் கம்ப்யூட்டர் லேபில் மெல்லிய கருப்பு கோஆக்சியல் கேபிள் ஒன்று மேசை மேசையாக ஊர்ந்து போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஒரு 'டி' கனெக்டர். இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடி. அதிகபட்சம் 185 மீட்டர். அதுதான் நான் பார்த்த முதல் ஈதர்நெட்.

ஒரு திங்கட்கிழமை லேப் முழுக்க நெட்வொர்க் விழுந்தது. எல்லா கம்ப்யூட்டரும் நன்றாக ஓடுகிறது, ஒன்றுக்கொன்று மட்டும் பேச்சு இல்லை. லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் ஒவ்வொரு கனெக்டராகத் திருகிப் பார்த்து இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், ஜன்னலோரக் கடைசி மூடியைக் காணோம். யாரோ சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள எடுத்துப் போய்விட்டார்கள். அந்த மகானுபாவர் இந்தச் சந்திப்புக்கும் வருகிறார் என்று கேள்வி. மூடியைத் திருப்பிக் கொடுத்தால் மன்னிக்கப்படுவார்.

ஈதர்நெட்டின் பிறந்த நாள் 1973 மே 22. அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் எழுதிய ஒரு குறிப்பில் அந்தப் பெயர் வந்தது. டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை ஓட்டிக் காட்டினார். 1983-இல் ஐ.இ.இ.இ. 802.3 என்ற தரமாயிற்று. ஒரே கட்டடத்துக்குள், ஒரே முதலாளியின் கம்பியில் ஓடுவதற்காகப் பிறந்த பிள்ளை அது. கெட்டால் மாடியிறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில், தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்ளும் வித்தை எதையும் அதற்குக் கற்றுத் தரவில்லை.

1990-இல் முறுக்குக் கம்பியில் ஓடும் 10 பேஸ்-டி வந்தபோது ஒரு சிறு முன்னேற்றம். பேச்சில்லாத நேரத்தில் ஏறத்தாழ 16 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, "இருக்கேன்" என்று ஒரு துடிப்பு அனுப்பும். அது வந்தால் பச்சை விளக்கு எரியும். இன்றும் நம் வீட்டு ரவுட்டரில் எரிவது அதன் வாரிசுதான். ஆனால் அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுக்காரன் விழித்திருக்கிறான். அவனுக்கு அடுத்த வீடு, அதற்கடுத்த தெரு பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. பச்சை விளக்கைப் பார்த்து ஏமாந்தவர்களின் பட்டியலில் என் பெயரும் உண்டு. வருகிறேன்.

மௌனத்தைத் தப்பாகப் படித்தது

சுவிட்சுகளைச் சுற்று வளையமாக இணைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழி கிடைக்கும். ஆனால் வளையத்தில் ஈதர்நெட் பொட்டலம் புகுந்தால் முடிவே இல்லாமல் சுற்றும். பெருகி நெட்வொர்க்கையே மூழ்கடிக்கும். இதற்கு 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வழி கண்டார். சுவிட்சுகள் தமக்குள் பேசி, ஒரு வழியை மட்டும் அடைத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறை. 1990-இல் அது தரமாயிற்று.

இதிலும் ஒரு ஓட்டை. ஃபைபரில் போக ஓர் இழை, வர ஓர் இழை. ஒன்று மட்டும் கெட்டால்? அடைத்து வைக்கப்பட்ட போர்ட், எதிர்ப்பக்கத்திலிருந்து சேதி வராததைப் பார்த்து, "சரி, அங்கே யாரும் இல்லை போல" என்று கதவைத் திறந்துவிடும். வளையம் மூடிக்கொள்ளும். நெட்வொர்க் தலைகுப்புற விழும். செத்தவனின் மௌனத்தை அனுமதி என்று படித்த கதை இது. இதற்காகவே சிஸ்கோ கம்பெனி யூ.டி.எல்.டி. என்று ஒரு முறை கொண்டுவந்தது. "நான் இன்னார், உன்னை எனக்குக் கேட்கிறது" என்று இரு பக்கமும் எதிரொலி கேட்டுச் சரிபார்க்கும். ஒரு வழி மட்டும் கெட்டிருந்தால் போர்ட்டையே மூடிவிடும்.

2000-க்குப் பிறகு தொலைபேசிக் கம்பெனிகள் ஈதர்நெட்டை ஊர் விட்டு ஊர் ஓட்டத் தொடங்கின. பழைய எஸ்.டி.ஹெச். கருவிகளில் பழுது பார்க்கும் பைட்டுகள் கூடவே பிறந்தவை. ஈதர்நெட்டுக்கு அவற்றைப் பிற்பாடுதான் தைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. 2004-இல் ஒரே இணைப்பைக் கவனிக்கும் 802.3ஏ.ஹெச்., 2006-இல் ஐ.டி.யூ.வின் ஒய்.1731, 2007-இல் ஐ.இ.இ.இ. 802.1ஏ.ஜி. இந்தக் கடைசித் தரம்தான் கனெக்டிவிட்டி ஃபால்ட் மேனேஜ்மெண்ட், சுருக்கமாக சி.எஃப்.எம்.; முனைக்கு முனை பழுது கண்டறியும் முறை. 2011-இல் அது 802.1க்யூ என்ற தாய்த் தரத்திலேயே கலந்துவிட்டது.

அட்டெண்டன்ஸ் எடுப்பது எப்படி?

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை நினைத்துக்கொண்டால் போதும்.

முதலில் எல்லை வகுக்க வேண்டும். அதற்கு டொமைன் என்று பெயர். 0 முதல் 7 வரை ஒரு மட்டம் கொடுக்க வேண்டும். வழக்கமாக 5, 6, 7 வாடிக்கையாளருக்கு. 3, 4 சேவை தருபவருக்கு. 0, 1, 2 நடுவில் கம்பி வைத்திருப்பவருக்கு. பழைய காலத்தில் தாசில்தார் முத்திரை போட்ட கடிதம் தலையாரி கையில் போகும். அவர் தூக்கிப் போவாரே தவிரப் பிரிக்க மாட்டார். அப்படியே மேல் மட்டச் சேதி கீழ் மட்டத்தின் ஊடே பிரிக்கப்படாமல் கடந்து போகும். கீழ் மட்டச் சேதி தன் எல்லையைத் தாண்டாது.

அடுத்து, எந்த வி-லேனைக் கண்காணிக்கிறோம் என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டும். இரண்டு முனையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முனைக்கும் ஒரு ரோல் நம்பர், 1 முதல் 8191 வரை. முனை கம்பியைப் பார்த்து நிற்கிறதா, சுவிட்சின் உள்பக்கத்தைப் பார்த்து நிற்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தலையைச் சொறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

அதன்பின் ஒவ்வொரு முனையும் "ஆஜர்" என்று சேதி அனுப்பும். இடைவெளியை 3.33 மில்லி செகண்டிலிருந்து 10 நிமிடம் வரை ஏழு படியில் வைக்கலாம். இடைவெளியைப் போல மூன்றரை மடங்கு நேரம் குரல் வராவிட்டால் ஆப்செண்ட். யார் யார் வரவேண்டும் என்ற பட்டியலை மட்டும் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். ரிஜிஸ்டரில் பெயரே இல்லாதவன் வராவிட்டால் எந்த வாத்தியார் கேட்பார்?

நம்மைப் போன்றவர்களையும் அது பிடித்துவிடும். ஒரே ரோல் நம்பரில் இருவர் குரல் கொடுத்தால், பிராக்ஸி! பிழை என்று எழுதும். வேறு வகுப்புப் பையன் நம் வகுப்பில் உட்கார்ந்தால், குழுப் பெயர் மாறுவதை வைத்துக் குறுக்கு இணைப்பு என்று சொல்லும். "எனக்கு உன் குரல் கேட்கவில்லை" என்பதைத் தன் சேதியிலேயே ஒரு பிட்டாக வைத்து எதிர்முனைக்கும் தெரிவிக்கும். அதனால் ஒரு வழிப் பழுதும் ஒளிய முடியாது. பழுது தெரிந்தபின் லூப்பேக் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்க்கலாம். லிங்க்டிரேஸ் அனுப்பினால் எந்த இடைமுனை வரை போய் நின்றது என்று தெரியும். முர்ரே லூப்பின் பேரப்பிள்ளை!

நான் வாயடைத்த பாராக்காரன்

இனி என் கதை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்க அரசு டான்ஃபிநெட் நிறுவனத்தைத் தொடங்கியது 2018-இல். நான் சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. மலையடிவாரக் கிராமங்களுக்கு இணைப்புக் கொடுத்த வேறொரு சிறு அமைப்பில் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தேன். பாதி தூரம் ஃபைபர், ஒரு துண்டு ரேடியோ. சொந்த ஊர் ஆயிற்றே என்று சி.எஃப்.எம். முழுவதையும் நானே கன்ஃபிகர் செய்தேன்.

இடைவெளி எவ்வளவு? 10 மில்லி செகண்ட் வைத்தேன். தேவை இருந்ததால் அல்ல, பெருமைக்கு. பழுதை அறிவிக்கும் முன் இரண்டரை முதல் பத்து வினாடி வரை பொறுத்துப் பார்க்க வைக்கலாம். அதையும் இரண்டரையிலேயே விட்டேன். ஐப்பசி மழை பிடித்தது. ரேடியோ நனைந்து சில வினாடி விழும், எழும். ராத்திரி முழுக்க என் போனில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. நாலாம் நாள் தூக்கக் கலக்கத்தில் அறிவிப்பை நிறுத்தினேன். மழை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை முடிந்தது. போடவில்லை.

அடுத்த ஜூன் மாதம். வழியில் எங்கோ இரவுப் பராமரிப்பில் ஒரு சுவிட்சின் டிரங்க் போர்ட் பட்டியலிலிருந்து எங்கள் சேவை வி-லேன் ஒன்று விடுபட்டுப் போனது. எல்லா விளக்கும் பச்சை. கடைசி சுவிட்சுக்கு பிங் அடித்தால் பதில் வருகிறது. அது போவது நிர்வாக வி-லேன் வழியாக. சேவை மட்டும் செத்துக் கிடக்கிறது. சுவிட்சோ தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. எதிர்முனை ஆப்செண்ட் என்று தனக்குள் எழுதி வைத்திருந்தது. வாயைக் கட்டியவன் நான்.

அன்று ஒரு கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் ஏற்றக் கடைசி நாள். காலையிலிருந்து சேவை மையத்தில் ஒரு பெண் காத்திருந்தாள். "லைட்டு எரியுது, இப்ப வந்துடும்" என்று மையத்தில் இருந்த பையன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். மதியத்துக்கு மேல் அம்மாவும் மகளும் ஆரணிக்குப் பஸ் ஏறினார்கள். போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எனக்கு மறுநாள் மாலை தகவல் வந்தது. லிங்க்டிரேஸ் அனுப்பினேன். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா வாழைத்தோப்பில் கூலி வேலை செய்பவர். தப்பு என் பேரில் என்று சொன்னேன். கோபிக்கவில்லை. "லைட்டு எரிஞ்சிதே அண்ணா, அப்பறம் ஏன் வேல செய்யல?" என்று மட்டும் கேட்டார். என் பட்டத்தையும் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு அவர் முன்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மாமா இருந்திருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்.

அந்தப் பெண் வேறொரு அரசுக் கல்லூரியில் சேர்ந்து படித்தாள். விரும்பிய படிப்பு அது அல்ல. இதை எழுதத் தயங்கினேன். மலரில் சாதனைகளை எழுதுவதுதான் வழக்கம். ஆனால் இன்று கன்ஃபிகரேஷன் கற்கும் ஒரு தம்பியோ தங்கையோ இதைப் படித்து அறிவிப்பை அணைக்கும் முன் ஒரு கணம் யோசித்தால், எழுதியது வீணாகாது.

பிறகு மாற்றினேன். இடைவெளி ஒரு வினாடி. எங்கள் ஊருக்கு மூன்றரை வினாடியில் தெரிந்தால் தாராளம். பொறுக்கும் நேரம் பத்து வினாடி. எச்சரிக்கை ஒருவருக்கு மட்டும் போகாமல் இருவருக்குப் போக ஏற்பாடு செய்தேன். மாதம் ஒரு முறை நாங்களே வேண்டுமென்று ஒரு வி-லேனை எடுத்துவிட்டு, போன் அடிக்கிறதா என்று பார்த்தோம். பாராக்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்கவும் ஒரு பாரா வேண்டும். அறிவிப்பை நிறுத்த வேண்டி வந்தால், திரும்பப் போடும் தேதியைச் சுவரில் எழுதிவிட்டே நிறுத்துவது என்று விதி வைத்தோம்.

தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் ஆனால் "இருக்கியா?" என்று கேட்ட அந்தக் குரல்தான் சுவிட்சுகளுக்குள் வினாடிக்கு வினாடி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நண்பர்களே, நம் பேட்ச் பட்டியலில் 58 பேர். மறுசந்திப்புக்குப் பதில் வராதவர்கள் ஏழு பேர். பதில் இல்லை என்றால் சௌக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு ஒருவரைப் போனில் கூப்பிடுவோம். நேரில் சந்திக்கும்போது கோஆக்சியல் மூடி விவகாரத்தையும் பேசித் தீர்ப்போம்.